சுவரில் மஞ்சள் அடித்தது யார்?

ஊர் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற சன்னலுக்குப் பின்னால் அமலராணி பல காலம் உட்கார்ந்திருந்தார். இருதயத்துக்குச் சொட்டு மருந்து வாங்க வருகிறவர்களிடம் சீட்டை வாங்குவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்பார். "எதிர்ச் சுவரு என்ன நிறத்துல தெரியுது?" வெள்ளை என்று சொன்னால்தான் மருந்து. "இந்த அம்மாவுக்குச் சுவத்துப் பைத்தியம்" என்று வரிசையில் நின்றவர்கள் சிரிப்பார்கள். சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். அவருக்கு அந்தப் பைத்தியம் பிடித்தது ஐம்பத்தேழாம் வருஷத்துக் கிறிஸ்துமஸில்.

அப்போது அவளுக்கு வயது இருபதுகூட ஆகவில்லை. சென்னையில் மருந்தியல் பட்டப் படிப்பு, மூன்று வருஷத்தில் இரண்டாவது வருஷம். அந்த நடு வருஷம் பொல்லாத வருஷம். முதல் வருஷத்துப் பிள்ளை என்று யாரும் பாவம் பார்க்க மாட்டார்கள். கடைசி வருஷத்துக்காரி என்று மதிக்கவும் மாட்டார்கள். எட்டிக்கொட்டையைத் தடவிப் பார்த்துச் சொல்ல வேண்டும், சிங்கோனாப் பட்டையை ஒடித்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். கல்வத்தில் எண்ணெயும் பிசினும் தண்ணீரும் திரியாமல் குழைய வேண்டும், உருட்டிய மாத்திரை ஒன்றுக்கொன்று எடை பிசகக் கூடாது. இத்தனைக்கும் மேலே, எந்த மருந்து எந்த அளவில் மருந்து, எந்த அளவில் விஷம் என்று மனப்பாடம் செய்ய வேண்டும்.

அந்த விஷப் பாடத்தில்தான் அவள் மாட்டிக்கொண்டாள். வாய்மொழித் தேர்வில் டிஜிட்டாலிஸ் என்ற இருதய மருந்து அளவுக்கு மீறினால் என்ன ஆகும் என்று பேராசிரியர் கேட்டார். பசி போகும், குமட்டும், நாடி மெதுவாகும் என்று கடகடவென்று சொன்னவள் அங்கேயே நின்றுவிட்டாள். "இன்னொன்று?" என்றார். தெரியவில்லை. "பார்வை, அம்மா, பார்வை! பார்ப்பதெல்லாம் மஞ்சளாகத் தெரியும்" என்று அவர் சொன்னபோது கூட நின்ற பையன்கள் சிரித்தார்கள். அவமானத்தில் அவளுக்குக் காது சூடாகிவிட்டது.

அவளுடைய அப்பா லூர்துநாதன் பிரெஞ்சுக்காரர் காலத்தில் துவானில், அதாவது சுங்கத்தில், வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிரெஞ்சுக்காரர் போய் மூன்று வருஷமாகியும் அவர் மனசில் கொடி இறங்கவில்லை. ஐயா என்று கூப்பிட்டால் பிடிக்காது, பிரெஞ்சில் முசே என்றுதான் கூப்பிட வேண்டும். சோப்பானாலும் கத்தியானாலும் பிரான்சிலிருந்து வந்தால்தான் சரக்கு, மற்றதெல்லாம் குப்பை. முந்தின வருஷம் இருதயம் சுணங்கியபோது டாக்டர் டிஜிட்டாலிஸ் டிங்சர் எழுதிக் கொடுத்தார். சென்னைச் சரக்கு. வேளைக்குப் பதினைந்து சொட்டு, தண்ணீரில். முகத்தைச் சுளித்துக்கொண்டே குடித்தார். கால் வீக்கம் வடிந்தது. அப்படியும் அந்தப் பாட்டிலுக்கு அவர் மரியாதை கொடுக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து அவருடைய பால்யகாலத்துச் சிநேகிதர் ஜெய்னுலாபுதீன் சைகோனில் கடையை மூடிவிட்டுக் கப்பலேறி ஊர் வந்து சேர்ந்தார். கூட்டாளிக்கு என்ன கொண்டுவரலாம் என்று யோசித்து, கடிதத்தில் படித்த நோயை நினைவில் வைத்து, அங்கிருந்த பிரெஞ்சு மருந்துக்கடையில் கேட்டு ஒரு சின்ன பாட்டில் வாங்கி வந்திருந்தார். அதே இருதய மருந்து, பிரெஞ்சுத் தயாரிப்பு. லூர்துநாதன் அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை. சென்னைப் பாட்டில் அலமாரிக்குள் போயிற்று. பிரெஞ்சுப் பாட்டிலிலிருந்து வேளைக்குப் பதினைந்து சொட்டு கணக்காக விழுந்தது.

விடுமுறைக்கு அமலராணி வந்தபோது அப்பா மெலிந்திருந்தார். "ரெண்டு வாய்க்கு மேல இறங்க மாட்டேங்குது. குமட்டுதாம்" என்றாள் அம்மா செல்வம்மாள். கிறிஸ்துமஸ் வேலைகள் நடந்துகொண்டிருந்தன. வருஷா வருஷம் வெள்ளையடிக்கிற முத்தையன் கிளிஞ்சல் சுண்ணாம்பு கரைத்துக் கூடத்தை அடித்து முடித்தார். சுவர் பளிச்சென்று இருந்தது. லூர்துநாதன் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். பார்த்தார். குதித்தார்.

"முத்தையா! நான் வெள்ளையடிக்கச் சொன்னேனா, மஞ்சளடிக்கச் சொன்னேனா?"

"வெள்ளைதான் முசே அடிச்சிருக்கேன்."

"எனக்குக் கண்ணு இல்லையா? மஞ்சத்தூள கலந்து அடிச்சிருக்கே!"

முத்தையன் வெள்ளையடிக்கிற மட்டையைக் கீழே வைத்தார். "சுண்ணாம்புல மஞ்சள் போட்டா செவந்துல்ல போவும்? ஆரத்தித் தண்ணி பாத்ததில்லையா நீங்க?"

நியாயமான கேள்விதான். ஆனால் முசே லூர்துநாதனிடம் நியாயம் செல்லாது. இன்னொரு கை அடிக்கச் சொன்னார். அமலராணியும் முக்காலி பிடித்துக்கொடுத்தாள். இரண்டாவது பூச்சு காய்ந்த பிறகும் சுவர் மஞ்சள்தான் என்று அவர் சாதித்தார். "ஏமாத்துக்காரன்" என்று ஒரு வார்த்தையும் விழுந்தது. முத்தையன் வாளியைத் தூக்கிக்கொண்டார். "காமாலைக்காரன் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்" என்று முணுமுணுத்தபடி போனவர் திரும்பிப் பார்க்கவில்லை.

கோபத்தில் சொன்ன பழமொழியைச் செல்வம்மாள் அப்படியே பிடித்துக்கொண்டாள். காமாலையாகத்தான் இருக்குமோ? பசி இல்லை, குமட்டல் இருக்கிறது. கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தாள். அமலராணி அப்பாவின் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தாள். கண் வெள்ளையாகத்தான் இருந்தது. "காமாலை இல்லம்மா" என்றாள். அதற்கு மேல் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. படித்த பாடம் சென்னையில் இருந்தது, அப்பா வீட்டில் இருந்தார். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க அவளுக்கு வரவில்லை. இதற்காகப் பின்னாளில் அவள் தன்னைத் திட்டிக்கொண்டதற்கு அளவில்லை. பாவம், யாருக்குத்தான் உடனே தோன்றும்?

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலையில் அமலராணி தன் வெள்ளைச் சோதனைச்சாலைக் கோட்டைத் துவைத்து நீலம் போட்டு முற்றத்துக் கொடியில் காயப் போட்டாள். லூர்துநாதன் அதைப் பார்த்துவிட்டுக் கேலியாகக் கேட்டார். "என்ன ராணி, படிக்கப் போனியா, குழம்பு வைக்கப் போனியா? கோட்டெல்லாம் மஞ்சக் கறை."

சுவரைப் பற்றி யார் என்ன சொன்னாலும் ஒரு சந்தேகத்துக்கு இடம் உண்டு. கோட்டை அவள் தன் கையால் துவைத்தாள். சிரித்த பையன்களும் பேராசிரியரின் குரலும் ஒன்றாக நினைவுக்கு வந்தன. பார்வை, அம்மா, பார்வை. ஓடிப்போய் அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். ஒரு துடிப்பு வந்தது. அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டியிருந்தது.

இரண்டு பாட்டில்களையும் எடுத்து வந்து சீட்டுகளைப் படித்தாள். இத்தனை பலமுள்ள மருந்தைப் பதினைந்து சொட்டா?

"அப்பா, இந்த மருந்த நிறுத்துங்க. இது அதவிட பத்து மடங்கு பலம்."

லூர்துநாதன் சிரித்தார். "சீட்ட நானும் படிச்சேன். சென்னைப் பாட்டில் பத்துல ஒரு பங்கு. பிரான்ஸ் பாட்டில் ஆயிரத்துல ஒரு பங்கு. எது பெருசு? துவான்ல கணக்குப் பாத்தவன்கிட்டயா?"

"அது இலைய ஊறவச்ச சாறு அப்பா. இது இலைக்குள்ள இருக்கிற சத்த மட்டும் பிரிச்சு எடுத்தது. கரும்பக் கடிக்கிறதும் சீனிய அள்ளிப் போட்டுக்கிறதும் ஒண்ணா?"

"ஆயிரம் பேரைக் கொன்னாத்தான் அரை வைத்தியன்னு சொல்லுவாங்க. நீ என்கிட்டயிருந்து ஆரம்பிக்கிறியா?"

டாக்டர் பண்டிகைக்கு ஊருக்குப் போயிருந்தார். மறுநாள் சாயங்காலம்தான் வருவார். மத்தியான வேளை மருந்துக்கு நேரமாகிவிட்டது. அப்பா கையை நீட்டினார். அமலராணி பாட்டிலை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். இருதயக்காரருக்கு இருதய மருந்தைத் தராமல் இருப்பது சின்ன விஷயமா? அரை வருஷத்துப் பாடத்தை நம்பி?

"மருந்து இல்லாம எனக்கு ஒண்ணு ஆயிட்டா?" என்று அவர் கேட்டார். இந்தத் தடவை கேலி இல்லை. பயந்திருந்தார்.

"ஆயிட்டா என்னத் திட்டுங்க. இப்ப தர மாட்டேன்" என்றாள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. திட்டுவதற்கு அவர் இருக்க வேண்டுமே என்பது அவளுக்குத் தெரியாதா?

செல்வம்மாள் மகளைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். வந்து பாட்டிலை வாங்கினாள். லூர்துநாதன் கை நீட்டியபடியே இருந்தார். அவள் அதை முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டு, "வந்து கஞ்சி குடிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

அந்த வீட்டில் அப்படி ஒரு கிறிஸ்துமஸ் வந்ததில்லை. பூசைக்குப் போனவர்கள் பாதி மனசோடு போனார்கள். வாழ்த்துச் சொல்ல வந்த ஜெய்னுலாபுதீனிடம் அமலராணி விஷயத்தைச் சொன்னாள். மனிதர் முகம் செத்துவிட்டது. "யா அல்லா, ஆசையா கொண்டாந்தேனேம்மா" என்று தலையில் கைவைத்தவர், சாயங்காலம் பஸ் நிற்கும் இடத்திலேயே போய் நின்று, டாக்டர் இறங்கினதும் பெட்டியோடு அழைத்து வந்துவிட்டார்.

டாக்டர் நாடி பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்தார், பாட்டிலைப் படித்தார். "இன்னும் ரெண்டு நாள் குடிச்சிருந்தா நான் வந்து பிரயோசனம் இருந்திருக்காது" என்றார். "எல்லாச் சொட்டையும் நிறுத்துங்க. உடம்புல ஏறினது மெதுவாத்தான் இறங்கும். மஞ்சள் போயிட்டா ஆபத்தும் போயிட்டுதுன்னு வச்சுக்கங்க."

லூர்துநாதன் ஜெய்னுலாபுதீனின் கையைத் தட்டிக்கொடுத்தார். அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் அமலராணி கேட்டாள். "அப்பா, சுவரு என்ன நிறம்?"

"வெள்ளை. பால் மாதிரி இருக்கு. நீ பெட்டியக் கட்டு."

ஒரே ராத்திரியிலா? அவளுக்குச் சிரிப்பும் வந்தது, சந்தேகமும் வந்தது. புது வருஷம் பிறந்ததும் கல்லூரி திறந்துவிடும். வருகை குறைந்தால் பரீட்சை எழுத விட மாட்டார்கள், வருஷம் வீணாகும். இது அவருக்குத் தெரியும். தினமும் கேட்டாள். தினமும் வெள்ளை. சோறு மட்டும் இறங்கவில்லை. அரை வைத்தியம் என்று கேலி செய்த மனிதர், அந்தப் பாதிப் படிப்பு முழுசாக வேண்டும் என்று இப்போது பொய் சொல்கிறார். அவளுக்கு அப்பாவைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலிருந்தது. ஆனால் பொய்யை நம்பிப் பஸ் ஏற முடியுமா?

முத்தையன் வீட்டுக்குப் போனாள். அப்பா சார்பில் மன்னிப்புக் கேட்டாள். நடந்ததைச் சொன்னாள். "பாவம், முசே" என்றார் அவர். அதற்குப் பிறகு அவள் ஒரு காரியம் கேட்டாள். முத்தையன் முகம் மலர்ந்தது. "அடிக்காதப்ப அடிச்சேன்னு அந்தக் குதி குதிச்சாரு. நெசமாவே அடிச்சா பாக்க வேணாமா?"

லூர்துநாதன் பின்கட்டில் குளித்துக்கொண்டிருந்த நேரத்தில் முத்தையன் வந்தார். கடையில் விற்கும் மஞ்சள் வர்ணப் பொடியைச் சுண்ணாம்பில் துளி கலந்து, நாற்காலிக்கு நேர் எதிரே ஒரு முழ அகலத்துக்குப் பட்டையாக இழுத்துவிட்டுப் போனார். வெளிர் மஞ்சள்தான். நல்ல கண்ணுக்கு மறையாது.

லூர்துநாதன் வந்து உட்கார்ந்து சுவரைப் பார்த்தார். "வெள்ளை" என்றார். "அப்பழுக்கில்ல." அமலராணி முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்குள் போனாள். பெட்டி பரண்மேலேயே இருந்தது.

கல்லூரி திறந்தது. அவள் போகவில்லை. அப்பா கத்திப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். "வெள்ளைன்னு சொல்றேன்ல!" அவள் தலையை ஆட்டினாள், போகவில்லை. பட்டையைப் பற்றி வீட்டில் யாரும் மூச்சுவிடவில்லை. ஒருநாள் அவர் கஞ்சி போதாது, மீன் குழம்பு வை என்றார். செல்வம்மாள் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினாள். அப்புறமும் சுவர் வெள்ளையாகவே இருந்தது.

பொங்கல் கழிந்த ஒரு காலை. அமலராணி முற்றத்தில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். கூடத்திலிருந்து ஓடு பறக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது.

"செல்வம்! எவன்டா அவன் என் சுவத்துல மஞ்சள் அடிச்சது? ஒரு முழத்துக்கு இழுத்து வச்சிருக்கான், படுபாவி! கூப்பிடு அந்த முத்தையன!"

செல்வம்மாள் கரண்டியோடு ஓடி வந்து வாசற்படியில் நின்று சிரிக்க ஆரம்பித்தாள். அமலராணி சாம்பல் கையோடு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். லூர்துநாதனுக்கு ஒன்றும் புரியவில்லை. இன்னும் உரக்கத் திட்டினார். அவர் திட்டத் திட்ட அவளுக்கு அழுகை கூடியது.

அழுது முடித்துக் கையைக் கழுவிக்கொண்டு, பெட்டியைப் பரணிலிருந்து இறக்கினாள். வெள்ளைக் கோட்டை மடித்து அதில் வைத்தாள்.