வெர்னா பொடித்த மாத்திரை

வெர்னாவுக்குப் பொய் சொல்ல வராது. நோவா ஸ்கோஷியாவின் தென்கரையில், துறைக்குப் பக்கத்து மீன் ஆலையில் சிங்கி இறால் உடைத்தே பாதி ஆயுசைக் கழித்தவள். "அவகிட்ட புதுக் கவுனைக் காட்டாதீங்கடி, நல்லா இல்லன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லிடுவா" என்று கூட வேலை செய்த பெண்கள் சிரிப்பார்கள். அப்படிப்பட்டவள்தான் அந்தக் குளிர்காலத்தில் புருஷன் எல்வுட்டுக்குத் தெரியாமல் அவன் தட்டில் மருந்து கலந்தாள்.

எல்லாம் பயம்தான். எல்வுட்டின் அண்ணன் பர்ட்டன் முந்தைய இறால் பருவத்தில் படகிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவன், கரை சேருமுன் போய்விட்டான். அதன்பின் எல்வுட்டை இழுத்துக்கொண்டு போய் ரத்தம் பார்த்ததில் கொழுப்பு எக்கச்சக்கம். டாக்டர் ஒரு மாத்திரை எழுதினார். "படுக்கப் போறப்ப போடுங்க. ராத்திரிதான் கல்லீரல் கொழுப்பை அதிகமா உண்டாக்கும். இந்த மாத்திரை உடம்புல ரொம்ப நேரம் நிக்காது."

படுக்கப் போனால்தானே! சிங்கி இறால் பருவம் திறந்துவிட்டால் எல்வுட் விடியுமுன் கடலுக்குப் போய்விடுவான். திரும்பி வந்து சாப்பிடும்போதே கண் சொருகும். நாற்காலியிலிருந்து எழுப்பிக் கட்டிலில் தள்ளுவதற்குள் வெர்னாவுக்குப் போதும் போதுமென்றாகிவிடும்.

"மாத்திரை போட்டியா?"

"ஆச்சு, ஆச்சு."

"எப்போ போட்ட?"

"போட்டாச்சுன்னா போட்டாச்சு. வீடா இது, போலீஸ் ஸ்டேஷனா?"

குளியலறை அலமாரியில் இருந்த குப்பியை அவள் எடுத்துப் பார்ப்பாள். ஒரு மாத்திரைகூடக் குறைந்திருக்காது. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக இந்த மனுஷன் தன்னிடம் பொய் சொல்கிறான் என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. ஒருநாள் சாயங்காலம், அவன் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது, கரண்டியின் முதுகால் ஒரு மாத்திரையை நசுக்கி, வெண்ணெய் போட்டு மசித்த உருளைக்கிழங்கில் கலந்தாள். பன்றிக் கொழுப்பில் வதக்கிய வெங்காயத்தை மேலே பரப்பினாள். எல்வுட் வழித்துச் சாப்பிட்டான். அன்று வெர்னா நிம்மதியாகத் தூங்கினாள். அதுவே தினசரி வழக்கமாகிவிட்டது.

பனி இறுகிய மாதத்தில் அவனுக்குக் கால் வலி ஆரம்பித்தது.

"தொடை ரெண்டும் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு, வெர்னா."

"டாக்டர்கிட்ட போலாம்."

"பருவம் முடியட்டும்."

கைப்பிடியைப் பிடித்துத்தான் மாடி ஏறினான். தேநீர்க் கெண்டியைத் தூக்கும்போது கை நடுங்கியது. சாவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் பர்ட்டனும் கால் கனக்கிறது என்றுதான் சொன்னான். ரத்தக்குழாய் அடைக்கிறது என்று வெர்னா முடிவு கட்டினாள். ஒரு வேளைகூடத் தவறாமல் இன்னும் கவனமாகக் கலந்தாள்.

அந்தத் துறையில் எல்லாச் சமையலறையிலும் ஒரு வயர்லெஸ் செட் இருக்கும். ஒருநாள் அவள் ரொட்டி மாவு பிசைந்துகொண்டிருந்தபோது அதில் கார்மனின் குரல் கேட்டது. கார்மன் பர்ட்டனின் மகன். சித்தப்பாவின் படகில்தான் வேலை செய்கிறான்.

"சித்தி, கேக்குதா? சித்தப்பா விழுந்துட்டாரு."

மாவுக் கையோடு ஒலிவாங்கியைப் பிடித்தாள். "நெஞ்சா? நெஞ்சு வலிக்குதான்னு கேளுடா!"

"நெஞ்சு இல்ல சித்தி, காலு. இறால் கூண்டு தண்ணில இறங்குறப்ப கயிறு கால்ல மாட்டிக்கிச்சு. உதறக்கூட அவருக்குத் தெம்பில்ல. படகு விளிம்பு வரைக்கும் இழுத்துட்டுப் போயிடுச்சு. நான் கத்தியால அறுத்து விட்டேன். இப்ப எந்திரிக்கவே முடியல." கொஞ்சம் தயங்கிவிட்டு, "ஒன்னுக்குப் போனாரு சித்தி. கறுப்பு டீ மாதிரி போகுது" என்றான்.

அது துறை முழுக்கக் கேட்டது. "கார்மன், நான் உன் பக்கமா வர்றேன், அலைக்கு நேரா பிடிச்சு வா" என்று யாரோ ஒரு படகுக்காரர் குறுக்கே சொன்னார். வெர்னா கோட்டை மாட்டிக்கொண்டு ஓடினாள். காற்றில் படகு ஆடி ஆடி வந்து சேரும்வரை துறையில் யாரும் அவளிடம் பேசவில்லை. பர்ட்டனைக் கொண்டுவந்த நாளிலும் அவர்கள் இப்படித்தான் நின்றார்கள்.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் பெண் டாக்டர் ரத்த அறிக்கையைப் பார்த்துவிட்டுக் கட்டிலருகே வந்தாள். "சதை கரைஞ்சு ரத்தத்துல கலந்திருக்கு. சிறுநீரகம் அடைபடாம பார்க்கணும். என்ன மருந்து சாப்பிடுறீங்க?"

"கொழுப்பு மாத்திரை. தினம் காலைல ஒன்னு."

"ராத்திரின்னு எழுதியிருக்கே?"

"ராத்திரி எனக்கு எங்க நெனவிருக்கும்மா? வீட்டுக் குப்பியைத் தொடாம, இன்னொரு குப்பி வாங்கிப் படகுலயே வெச்சிட்டேன். இன்ஜினைக் கிளப்பிட்டு டீ ஊத்துறப்ப போட்டுக்குவேன். ஒரு நாள் விட்டதில்ல."

கார்மன் ஆமாம் என்று தலையாட்டினான். வெர்னாவுக்கு அந்த 'ஆச்சு, ஆச்சு' நினைவுக்கு வந்தது. இவன் பொய்யே சொல்லவில்லை.

"வேற எதுவும் இல்லையே? வேற மாத்திரை, வேற டாக்டர்?"

"இல்ல."

டாக்டர் திரும்பினாள். வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. வெர்னா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னொன்னும் போயிருக்கு. நான்தான் சாப்பாட்டுல கலந்தேன். தினமும்."

எல்வுட் அவளைப் பார்த்தான். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

இரட்டிப்பாகப் போய்ச் சதையைக் கரைத்த மாத்திரையை நிறுத்தி, இரண்டு கையிலும் உப்பு நீர் ஏற்றினார்கள். சிறுநீர் தெளியுமா, ரத்தத்தைச் சுத்தம் செய்யும் இயந்திரத்தில் போட வேண்டி வருமா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. வெர்னா வராந்தாவிலேயே கிடந்தாள். "ரத்தத்துல அந்த அளவு இறங்குது, பிழைச்சுக்குவார்" என்று டாக்டர் வந்து சொன்னபிறகுதான் கோட்டைக் கழற்றினாள்.

வீட்டுக்கு வந்தபின் அவள் சமைத்ததை எல்வுட் தொடவில்லை. முட்டையைத் தானே அவித்துத் தின்றான். தண்ணீரைக்கூடக் குழாயில் தானே பிடித்துக்கொண்டான். பல நாள் பொறுத்துப் பார்த்தவள் ஒருநாள் வெடித்தாள்.

"திட்டு! ரெண்டு அடி வேணும்னாலும் அடி! இப்படி அடுப்பைக் கட்டிக்கிட்டு நிக்காதே!"

"கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டேனே! 'ஆச்சு, ஆச்சு'ன்ன."

"ஆச்சுன்னுதானே சொன்னேன்? நம்பியிருக்கணும்."

"படகுல வெச்சிருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நம்பியிருப்பேன். பர்ட்டனைத் தூக்கிட்டு வந்த துறையில நின்னவ நான், எல்வுட்."

"படகுல நான் அவன் பக்கத்துல நின்னேன்" என்றான் அவன்.

சதை தேறி, ரத்தம் சரியானதும் டாக்டர் வேறு வகை மாத்திரையைக் குறைந்த அளவில் எழுதினாள். "இது உடம்புல ரொம்ப நேரம் நிக்கும். காலைலயோ சாயங்காலமோ, உங்களுக்கு மறக்காத நேரம் எதுவோ அதுதான் நல்ல நேரம். ஒருத்தர் கை மட்டும் போதும்" என்றாள். கடைசி வார்த்தைக்கு வெர்னா தலை குனிந்தாள்.

பருவத்தின் கடைசி வாரங்களில் எல்வுட் மறுபடி கடலுக்குப் போனான். காலையில் தேநீரோடு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, "ஆச்சு" என்று சமையலறையைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் கதவைத் திறப்பான். வெர்னா குப்பியைத் தொடுவதில்லை. அவள் கையால் சாப்பிடவும் ஆரம்பித்துவிட்டான். ஆனால் முதல் கவளத்துக்கு முன்னால் தட்டை ஒரு தரம் பார்ப்பான். அவன் பார்ப்பதை அவளும் பார்ப்பாள்.