அகராதியில் இல்லாத ‘ப்ரீபோன்’

ஜூன் மாத முதல் திங்கட்கிழமை தேதியிட்ட விடுப்புக் கடிதம் ஒன்று, சொற்களுக்குச் சான்று சேர்க்கும் என் கோப்பில் இருக்கிறது. அப்பா தன் மேலாளருக்கு ஆங்கிலத்தில் எழுதியது, அனுப்பப்படாதது. அதன் மேல் என் சிவப்பு மை.

அப்போது எனக்குப் பதினொரு வயது. எங்கள் வில்லாபுரம் வீட்டில் ஆங்கிலத்தைப் பொறுத்தவரை நான் வைத்ததுதான் சட்டம். ஆவணியில் குறித்திருந்த அத்தையின் கல்யாணத்தை அந்த வாரம் அப்பா திடீரென்று ஆனிக்கு மாற்றியிருந்தார். தாத்தா இல்லை, தங்கையைத் தாரைவார்த்துக் கொடுக்க அப்பாதான் நிற்கவேண்டும்.

“ஏண்ணே இம்புட்டு அவசரம்? ஜாக்கெட்டுகூட இன்னும் தைக்கக் குடுக்கல,” என்றாள் அத்தை.

“ஆவணியில மண்டபம் இல்லேங்குறான். ஜாக்கெட்டு இல்லேன்னா மாப்ள ஓடியா போயிருவாரு?”

அத்தை சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். அப்பா கடிதத்தை என்னிடம் நீட்டி, “பிழை இருக்கான்னு பாரும்மா,” என்றார்.

முதல் வரியிலேயே அகப்பட்டது. கல்யாணம் ‘ப்ரீபோன்’ ஆகியிருப்பதாக எழுதியிருந்தார். தள்ளிவைக்க ‘போஸ்ட்போன்’ உண்டு. முன்னால் இழுக்க இப்படி ஒரு சொல்லா? அப்பாவின் தடித்த அகராதியைப் புரட்டினேன். இல்லை. அடித்துவிட்டேன்.

“ஆபீஸ்ல எல்லாரும் இப்பிடித்தான எழுதுறோம்?”

“அம்புட்டுப் பேரும் தப்பு.”

“சரிங்க டீச்சர்.”

இன்று அந்தச் சொல், இந்திய வழக்கு என்ற குறிப்போடு, அகராதிகளில் ஏறிவிட்டது. வெறுமனே ஒன்றைச் சீக்கிரம் செய்வதற்கு அது பொருந்தாது. முன்பே ஒரு நாள் குறித்திருக்க வேண்டும், அந்த நாள் முன்னால் நகர வேண்டும். அப்பா எழுதியது சரி. தப்பு என்னுடையது.

கடிதத்தில் இரண்டாவது பத்தியும் இருந்தது. ஜூலைக் கடைசியிலிருந்து மருத்துவ விடுப்பு, காரணம், ‘நெஃப்ரெக்டமி’. நீளமான சொல். ஓரெழுத்து விடாமல் அகராதியோடு ஒப்பிட்டேன். சிறுநீரகத்தை அறுத்து எடுப்பது என்ற பொருள் பக்கத்திலேயே அச்சாகியிருந்தது. நான் எழுத்துகளை மட்டும்தான் பார்த்தேன். பிழை இல்லை. டிக் போட்டேன்.

தாரைவார்க்கும்போது அப்பாவின் கண் கலங்கியது. அத்தை புகுந்த வீட்டுக்குப் போகிறாளே என்று அழுகிறார், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா ஒற்றைச் சிறுநீரகத்தோடு இன்றும் நலம். வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாததை நானாவது படிக்கட்டும் என்றுதான் அன்று கடிதத்தைத் தந்தாரா என்று போன மாதம் கேட்டேன்.

“ஸ்பெல்லிங் பாக்கத்தாம்மா குடுத்தேன்,” என்றார்.

அந்தப் பதிலை, உறுதிப்படாத தகவல் என்று கோப்பில் குறித்து வைத்திருக்கிறேன்.