ஞானதாஸ் சாரின் ஜன்னல்

“தெரியுதா?”

ஜன்னலுக்கு உள்ளே இருந்து ஞானதாஸ் சார் கேட்கிறார். வெயிலுக்கு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ரோட்டில் நிற்கும் அவர் மனைவி சகாயசெல்வி, “தெரியுது” என்கிறார்.

“என்ன தெரியுது?”

“ஒங்க மூக்கு.”

ஜன்னலை மறைக்க மாதிரிக்கு வந்த பட்டைக் கதவு அத்தோடு தோற்றது. சார் அதை இறக்கிச் சுவரோரம் சாத்துகிறார். இரண்டு மாதமாக எங்கள் மேட்டுப்பட்டித் தெருவில் இதே கூத்துதான்.

சார் ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர். புது வீட்டின் படுக்கையறை ஜன்னலை பஸ் நிறுத்தத்தைப் பார்த்து வைக்கச் சொன்னவரே அவர்தான். யார் எந்த பஸ்ஸில் ஏறினார்கள், பையில் என்ன, கூட யார் என்பதெல்லாம் தெரியாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. ஆனால் அவர் பார்ப்பது மட்டும் ஒருவருக்கும் தெரியக் கூடாது. “நாம அவங்களப் பாக்கணும், அவங்க நம்மளப் பாக்கப்புடாது. இம்புட்டுத்தானய்யா கேக்குறேன்?” ஒளியைப் பற்றிக் காலமெல்லாம் பாடம் நடத்திய வாய் பேசுகிற பேச்சா இது!

ஜன்னல் மறைப்பு விற்கும் கடைக்காரர் சாகுல் ஹமீது பாவம், கொண்டுவராத சாமான் இல்லை. மூங்கில் தட்டியைப் பார்த்து, “பரோட்டாக் கடை மாதிரில்ல இருக்கு” என்றார் சார். சுருட்டி ஏற்றும் துணி, காற்றில் தூக்கி மானத்தை வாங்கிவிடுமாம். முழுப் பலகை போட்டால் ஜெயிலாம். கடைசியில் சாய்ந்த பட்டைகள் வைத்த தேக்குக் கதவு ஏறக்குறைய பிடித்தது. தடவிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், பிறகு கேட்டார்: “கொண்டி எங்க? பூட்ட எதுல மாட்டுறது?”

“வீட்டுக்குள்ள போடுற கதவுக்குப் பூட்டு எதுக்கு சார்?”

“எங்க வீட்டுக்காரி தொறந்து போட்டுட்டா?”

திண்டுக்கல்காரரிடம் பூட்டு எதற்கு என்று கேட்டது சாகுல் ஹமீதின் தப்புதான்.

இதற்குள் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களும் தீர்ப்புச் சொல்லப் பழகிவிட்டார்கள். “சார், நீலச் சட்டை!” என்று ஒருவர் கூவுவார். “கண்ணாடி மின்னுது சார்!” என்பார் இன்னொருவர். ஒளிந்து பார்க்க ஆசைப்பட்ட மனிதரை ஊரே நின்று வேடிக்கை பார்க்கிறது. அவருக்கோ அது உறைக்கவே இல்லை.

எனக்கு வந்த எரிச்சல் இதனால் அல்ல. மகள் நான்சிக்குத் தலைப்பிரசவம், ஆபரேஷன். பிள்ளையோடு அவள் வந்து படுக்க வேண்டியது அந்த அறையில்தான். சகாயசெல்வி தலையில் அடித்துக்கொண்டார். “பச்ச ஒடம்புக்காரி வாரா. பிள்ளைக்குப் பால் குடுக்கணும். பஸ்ஸுல போறவன் பூராம் எட்டிப் பாப்பான். ஏதாச்சும் ஒண்ண மாட்டித் தொலைங்களேன்!”

“நாளைக்கு முடிச்சிருவோம்” என்றார் சார்.

நான்சி வந்துவிட்டாள். ஜன்னலில் ஒரு போர்வை தொங்கியது. வெள்ளிக்கிழமை காலையில், “இன்னிக்குக் கதவு வந்துரும்” என்று சார் சத்தியம் செய்ததை நம்பி, சகாயசெல்வி அதைத் துவைக்கப் போட்டுவிட்டார். கதவு எப்படி வரும்? பட்டையை இன்னும் செத்த சாய்க்கணும் என்று சாரே போன் போட்டு நிறுத்தியிருந்தார்.

அன்று நான் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். உள்ளே பிள்ளை வீரிட்டது. அதே நேரம், கம்பியைப் பிடித்துத் தொங்கும் கூட்டத்தோடு டவுன் பஸ் வந்து ஜன்னலுக்கு நேராக நின்றது. “ஐயோ, நான்சியால எந்திரிக்க முடியாதுங்க! மறைங்க, எதையாச்சும் வச்சு மறைங்க!” என்று சகாயசெல்வி அலறியது ரோடு வரை கேட்டது.

ஜன்னலில் சார் வந்து நின்றார். மகளுக்கு முதுகைக் காட்டி, இரண்டு கையையும் அகல விரித்துக் கம்பிகளைப் பிடித்து, நெஞ்சை அதில் அழுத்திக்கொண்டு நின்றார். மேலே சட்டை இல்லை. பஸ்ஸில் இருந்த அத்தனை தலையும் அவர் பக்கம் திரும்பியது. சிலர் சிரித்தார்கள். சாரின் முகம் சிவந்து வியர்த்தது.

படிக்கட்டில் நின்ற ஒருவர், பழைய மாணவர் போலிருக்கிறது, கை குவித்தார். “சார், வணக்கம்! அங்கன என்ன சார் பண்றீங்க?”

விரித்த கைகளை எடுக்காமல், சார் தலையை மட்டும் ஆட்டி வணக்கம் வைத்தார்.