கண்ணாடிச் சுரங்கத்தில் கேட்ட ஏழு

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு இருபதுக்கு மின்சாரம் போனது. அப்போது என் மகள் தண்ணீருக்குள் இருந்தாள். நான் அவளுக்குக் கீழே நின்றுகொண்டிருந்தேன்.

பெங்களூரில் ஒரு வணிக வளாகத்தின் அடித்தளத்தில் உள்ள மீன் காட்சியகம் அது. பெரிய தொட்டிக்கு அடியில் ஒரு கண்ணாடிச் சுரங்கப்பாதை போகிறது. தலைக்கு மேல் திருக்கைகள் நீந்த, ஜனங்கள் அண்ணாந்து பார்த்தபடி நடப்பார்கள். வார நாட்களில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் என் மகள், ஞாயிறுகளில் அந்தத் தொட்டியில் சிலிண்டர் எதுவும் இல்லாமல் ஒரே மூச்சில் இறங்கிக் காட்டுகிறாள். நாலு நிமிடம் வரை தாங்குவாள். நான் நெடுநாள் சம்மதிக்கவில்லை. கடைசியில், என் கண் முன்னால் செய்வதானால் செய் என்றேன். அதனால்தான் அந்தச் சுரங்கத்தில் நின்றேன். காட்சி நடக்கும்போது கூட்டம் நகராமல் இருக்க இரு பக்கத்துத் தானியங்கிக் கதவுகளையும் மூடிவிடுவார்கள். மூடியபோது அது எனக்குப் பெரிதாகப் படவில்லை.

மேலே, தொட்டியின் விளிம்பில் நின்று அறிவிப்பாளர் ஒலிபெருக்கியில் கன்னடத்தில் நிமிடங்களை எண்ணிக்கொண்டிருந்தார். "எரடு நிமிஷா!" என்று இரண்டாவது நிமிடத்தைச் சொன்னதும் கூட்டம் கைதட்டியது. மகள் கண்ணாடி வரை இறங்கி வந்து, என் தலைக்கு மேலே உள்ளங்கையைப் பதித்தாள். வாயிலிருந்து ஒரு குமிழிகூட வரவில்லை. நானும் கையைத் தூக்கினேன். எட்டவில்லை. "மூரு" என்று மூன்றாவதை அவர் சொன்னதோடு குரல் அறுந்தது. எல்லா விளக்குகளும் ஒன்றாக அணைந்தன.

"மச்சா, சுறா வயரைக் கடிச்சிருச்சுடா!" என்று ஒரு இளைஞன் கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். கதவு திறக்காது என்று தெரிந்த பிறகு சிரிப்பு நின்றது.

செல்போன் விளக்குகளை எரியவிட்டு மேலே காட்டினார்கள். கண்ணாடியில் எங்கள் முகங்கள்தான் தெரிந்தன. வெளிச்சம் கூடக்கூட, அதற்கு அப்பால் இருப்பது மறைந்துகொண்டே போனது.

"லைட்டை அணைங்க, ப்ளீஸ். உள்ள என் பொண்ணு இருக்கா" என்றேன். யாரும் அணைக்கவில்லை. இருட்டில் நிற்க எல்லோருக்கும் பயம்.

எங்களோடு மாட்டிக்கொண்ட காவலாளி கதவிடுக்கில் விரலைக் கொடுத்து இழுத்துப் பார்த்தார். "ஸ்வல்ப வெயிட் மாடி மேடம், ஜெனரேட்டர் பருத்தே" என்றார். கொஞ்சம் பொறுத்தால் வரும் என்று அவர் சொன்ன ஜெனரேட்டர் வரவில்லை. அவர் இடுப்பில் இருந்த வாக்கி-டாக்கி கரகரத்தது. யாரோ கத்தினார்கள்:

"ஏளு... ஏளு..."

திருவண்ணாமலையிலிருந்து இந்த ஊருக்கு வந்து சில வருடங்கள்தான் ஆகின்றன. என் கன்னடம் பேருந்து எண்ணும் காய்கறி விலையும் மட்டுமே. ஏளு என்றால் ஏழு. மேலே இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். ஏழு நிமிடம்.

கதவை இரண்டு கையாலும் அடித்தேன். "ஏழு நிமிஷம் ஆச்சு! திறங்க! ஏழு ஆச்சு!"

குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒரு பெண் என் தோளைப் பிடித்தாள். இந்த ஊரிலேயே தமிழர்கள் அதிகம் வாழும் நீலசந்திராவிலிருந்து வந்ததாகக் காட்சி தொடங்குமுன் சொல்லியிருந்தவள். "அக்கா, அக்கா, இரு. அது நம்பர் இல்ல. எந்திரி எந்திரின்னு கூப்புடுறாங்க. கன்னடத்துல ரெண்டுக்கும் ஒரே சொல்லுதான்."

ஆறுதலுக்குத்தான் சொன்னாள். சொல்லி முடித்ததும் தன் குழந்தையை இறுக்கி அணைத்துக்கொண்டாள். கீழே கிடப்பவர்களைத்தானே எழுந்திருக்கச் சொல்வார்கள்.

சுரங்கத்தில் காற்று வெந்நீர்போல ஆகியிருந்தது. ஒரு குழந்தை வீறிட்டது. எங்களுக்கு மேலே அத்தனை தண்ணீர் அசையாமல் நின்றது. நான் மூச்சை இழுக்கும் ஒவ்வொரு முறையும், அவளுடையதை எடுத்துக்கொள்வது போலிருந்தது. இப்போதும் லிஃப்ட் கதவு மூடும்போது அது வருகிறது. படிக்கட்டிலேயே போய்விடுகிறேன்.

வாக்கி-டாக்கியில் "ஏளு" என்பது நின்றுபோனது. அப்படி நின்றது, கேட்டுக்கொண்டிருந்ததைவிட மோசமாக இருந்தது. "அண்ணா, கேளுங்க, அந்தப் பொண்ணு என்னாச்சுன்னு கேளுங்க" என்று நீலசந்திராப் பெண் காவலாளியிடம் கெஞ்சினாள். அவர் பொத்தானை அழுத்தி அழுத்திக் கேட்டார். பதில் இல்லை.

பிறகு வெளியிலிருந்து யாரோ கம்பியைச் செருகி நெம்பும் சத்தம் கேட்டது. கதவு ஓர் ஆள் நுழையும் அளவுக்கு விலகியது. முண்டியடித்து வெளியேறியவர்களுக்கு எதிராக, கறுப்பு நீச்சலுடையில், வெறுங்காலோடு, சொட்டச்சொட்ட என் மகள் உள்ளே வந்தாள்.

அவள் முகத்தைப் பிடித்து, செல்போன் வெளிச்சத்தில் உதட்டைப் பார்த்தேன். நீலம் இல்லை.

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா. லைட் போனவுடனே மேல வந்துட்டேன். அனவுன்ஸர் அங்கிள்தான் இருட்டுல வழுக்கி விழுந்து மயங்கிட்டாரு. இப்ப எந்திரிச்சு உக்காந்து காப்பி கேக்குறாரு."

"உங்கம்மா இங்க உசுரையே வுட்டுட்டாங்க கண்ணு" என்றாள் நீலசந்திராப் பெண்.

மகள் கூந்தலைப் பிழிந்துகொண்டே சிரித்தாள். "கரண்ட் இப்ப வந்துரும். ஆறு மணிக்கு இன்னொரு ஷோ இருக்கும்மா. அதுக்குள்ள போய் ஏதாவது சாப்ட்டு வந்துரு."