நெல்லுச் சுணை என்று நினைத்தோம்

தை மாதத்தில் என் கணவருக்குக் குரல் கட்டிக்கொண்டால் எங்கள் வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பூதலூர் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் அவர் விளையாட்டு ஆசிரியர். பெண் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுப்பார். அவர்கள் ஆடும் தளம் நல்ல சிமெண்டுத் தரை என்பதால், சம்பா அறுவடை முடிந்ததும் ஊர்க்காரர்கள் அதில்தான் நெல் காய வைப்பார்கள். அவர் சண்டைக்குப் போகவில்லை. பள்ளிக்கூடம் விடும் வரை நெல்லுக்கு, அதற்கப்புறம் பிள்ளைகளுக்கு என்று பேசி வைத்திருந்தார். நெல்லை அள்ளியதும் தளத்தைக் கூட்டி, அந்தத் தூசியில் நின்று இருட்டும் வரை கத்துவார். நெல்லுச் சுணை தொண்டையில் இறங்கிவிட்டது என்பார். மாசி முடிவதற்குள் குரல் திரும்பிவிடும்.

அந்த வருடம் சித்திரை வந்தும் திரும்பவில்லை. பனங்கற்கண்டும் மிளகும் கொடுத்துக்கொண்டே இருந்தோம். இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மியிருந்தால் கஷாயத்தை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்.

வைகாசியில் தஞ்சாவூரில் பயாப்சி (சதைத் துணுக்கை எடுத்துச் சோதிப்பது) செய்தார்கள். குரல்வளையில் புற்றுநோய். டாக்டரம்மா எதையும் ஒளிக்கவில்லை.

"முன்னாடியே வந்திருந்தா கரண்ட் வச்சுப் பார்த்திருக்கலாம்மா. இப்ப குரல்வளைய முழுசா எடுத்தாத்தான் சாரைக் காப்பாத்த முடியும்."

கரண்ட் என்றால் கதிர்வீச்சு. அவர் கேட்டது ஒன்றுதான்.

"டோர்னமென்ட் முடிஞ்சு பண்ணிக்கலாங்களா?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் அழுகைதான் வந்தது.

அந்தத் தளத்தின் மேல் எனக்கு எப்போதுமே பொறாமை உண்டு. பந்தைப் பிடிக்கவே பயப்படும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை எடுத்து, எட்டாம் வகுப்பு முடிவதற்குள் ஆட்டக்காரிகளாக்கி அனுப்பிவிடுவார். அதற்குப் பிறகு அவர்கள் ஜெயிக்கும் கோப்பையெல்லாம் வேறு பள்ளிக்கூடத்து அலமாரிக்குப் போகும். நாற்று விடுவது மட்டும்தான் உங்கள் வேலையா என்று கிண்டல் செய்வேன். சிரித்துக்கொண்டே சைக்கிளை எடுப்பார்.

ஆபரேஷனுக்கு முந்தின சாயங்காலம், என்னிடம் ஏதாவது பேசுவார் என்று கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அவர் அணித் தலைவி தமிழரசியை போனில் கூப்பிட்டு, காற்றாகப் போன குரலில் ஆட்டத்தைப் பற்றியே பேசினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"சாப்புட்டியா வசந்தா?"

விடிந்ததும் ஸ்ட்ரெச்சர் வந்துவிட்டது. அவர் குரலில் எனக்கென்று கிடைத்த கடைசி வார்த்தைகள் அவைதான்.

இப்போது கழுத்தில் ஸ்டோமா (மூச்சு விடுவதற்கான துளை) இருக்கிறது. மூக்கிலும் வாயிலும் மூச்சு வருவதில்லை. தாளிக்கிற வாசனை தெரியவில்லை. துளைக்குள் தண்ணீர் போகக் கூடாது என்பதால் ஆற்றுக் குளியல் போயிற்று. ஆடியில் புதுத் தண்ணீர் வந்தபோது படித்துறையில் காலை மட்டும் நனைத்துவிட்டு வந்தார். கருவி வைத்துப் பேசப் பழகலாம் என்றார்கள். அந்த இயந்திரக் குரல் அவருக்குப் பிடிக்கவில்லை.

ஆவணியில் அவரைத் தளத்துக்கு அழைத்துப் போனேன். பிள்ளைகள் போட்டிக்காக ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி ஏதோ தப்பு செய்திருக்க வேண்டும். பழக்கதோஷத்தில் விசிலை எடுத்து வாயில் வைத்தார். கன்னம் உப்பியது. சத்தம் வரவில்லை. கழுத்தில் கட்டியிருந்த துணிதான் அசைந்தது. ஆட்டம் நிற்கவில்லை, ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை. விசிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அந்த வாரமே விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்.

நான்கு மணிக்கு அவர் வீட்டில் இருப்பது எனக்கு இன்னும் பழகவில்லை. இத்தனை வருடம் எங்களுக்குச் சாயங்காலம் என்ற ஒன்றே இருந்ததில்லை. இப்போது அது முடிவதே இல்லை. ஏதாவது வேண்டுமென்றால் அடுப்படி வரை நடந்து வந்து, என் தோளைத் தொட்டுக் கூப்பிடுகிறார். கல்யாணமான நாளிலிருந்து இவ்வளவு பக்கத்தில் வந்து அவர் என்னைக் கூப்பிட்டதில்லை.

எனக்கு இது வேண்டாம். தெருமுனையில் வரும்போதே கத்திக் கூப்பிடட்டும். ஊருக்கே கேட்கட்டும்.