எழுந்தால் நின்றுவிடும் புரோகிராம்

கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் சகோதரிகளே, இந்த வேலையில் முதலில் தெரிய வருவது நமக்கு ஒன்றும் தெரியாது என்பதுதான். விழுப்புரம் பக்கம் ஒரு சர்க்கரை ஆலையில் நான் சேர்ந்தபோது மகனுக்கு ஐந்து மாதம். வீடு ஆலைக்குப் பின்னாலேயே. மதியம் ஓடிப்போய்ப் பால் கொடுத்துவிட்டு வரலாம் என்ற தைரியம்தான்.

கூடவே வந்தது

காலையில் என் அறைக் கம்ப்யூட்டரில் ஒரு வரி தட்டி புரோகிராமை ஓடவிடுவேன். அது ஓடினால்தான் கேட்டில் கரும்பு வண்டிகளுக்கு எடைச்சீட்டு வரும். நாற்காலியை விட்டு எழுந்தால் லாக் அவுட் செய்ய வேண்டும் என்பது மேனேஜர் உத்தரவு. அப்படியே செய்துவிட்டு வீட்டுக்குப் போனேன். நான் வெளியேறினால் நான் ஓடவிட்டதும் நின்றுவிடும் என்று யார் கண்டது? திரும்பி வந்தால், வண்டிகள் வளவனூர் ரோடு வரை நிற்கின்றன. எடைமேடை கலியபெருமாள் அண்ணன் கத்தினார்: "ஏம்மா, நீ போனா போ. அதை ஏன் கூடவே இட்டுக்கினு போற?"

புட்டி

அப்புறம் ஒரு வாரம் நான் அசையவில்லை. மார்பில் பால் கட்டி வலி உயிர் போனது. சனிக்கிழமையோடு வேலையை விட்டுவிடலாம் என்று முடிவே செய்துவிட்டேன். அழுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நாத்தனார் ஆபீஸுக்கே வந்துவிட்டாள். "புட்டியைத் துப்புறான் அண்ணி. பேசாம அந்த கம்ப்யூட்டருக்கே பாலைக் குடுத்துட்டு வாங்க!"

ஒரு வண்டி, ரெண்டு சீட்டு

வெள்ளிக்கிழமை திண்டிவனத்திலிருந்து இன்ஜினியர் வந்தார். அந்த வரியையே கொஞ்சம் மாற்றித் தட்டினார். இனி லாக் அவுட் செய்தாலும் அது பாட்டுக்கு ஓடுமாம். ஆனால் முன்பெல்லாம் வண்டிக்கு வண்டி திரையில் எழுத்து ஓடும்; இப்போது வெறும் கறுப்பு. செத்துவிட்டது என்று நினைத்து, பழைய வரியை நானும் ஒருமுறை தட்டிவைத்தேன். இரண்டுமே ஓடியிருக்கின்றன. திருவெண்ணெய்நல்லூர் விவசாயி ஒருவர் இரண்டு சீட்டோடு வந்து நின்றார்: "இன்னொரு வண்டிக்கு நான் எங்கம்மா போறது?"

கரண்ட் போனது

இன்ஜினியர் சிரித்துக்கொண்டே, கம்ப்யூட்டரைப் போட்டதும் புரோகிராம் தானாகக் கிளம்பும்படி எழுதிவைத்துவிட்டுப் போனார். நான் நம்பவில்லை. மறுநாள் மதியம் பால் கொடுக்கும்போது கரண்ட் போய் வந்தது. யார் அந்த வரியைத் தட்டுவது? பாதிப் பாலில் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன். கேட்டில் வண்டிகள் நகர்ந்துகொண்டிருந்தன. கலியபெருமாள் அண்ணன் சீட்டைக் கிழித்தபடியே சொன்னார்: "உன்னை யாரு கூப்ட்டாங்க? போயி மிச்சப் பாலைக் குடு, போ!"

நான் இல்லாமலே வேலை நடக்க வேண்டும் என்பதுதான் என் வேலை என்று புரிந்துவிட்டது. அதற்கு ஏன் என்னைத் தினமும் வரச் சொல்கிறார்கள் என்பதுதான் இன்னும் புரியவில்லை.