மாக் அண்ணனின் பன்னிரண்டாவது பிரஷ்

சாப்பிடுமுன் எல்லோரும் கழுவுகிற வழக்கப்படி கொதிக்கும் தேநீரைக் கிண்ணத்தில் ஊற்றி, கோப்பையை அதில் உருட்டி, கரண்டியை முக்கி, சாப்பிடும் குச்சிகளை இரண்டு ஆட்டு ஆட்டி எடுத்த பிறகு, மாக் குவோக்-ஹிங் சட்டைப் பையிலிருந்து சவரப் பிரஷ்ஷை எடுக்கிறார். அதையும் அதே கிண்ணத்தில் தலைகீழாக நிறுத்துகிறார். பக்கத்து மேஜைக்காரர் இறால் கொழுக்கட்டையை வாயருகே வைத்துக்கொண்டு கடிக்க மறந்து பார்க்கிறார். மாக் அண்ணன் உதடு அசைய நூறுவரை எண்ணுகிறார். பிறகு கைப்பிடியைத் தூக்குகிறார். கைப்பிடி மட்டும் வருகிறது. முடிக்கொத்து கிண்ணத்திலேயே எலிக்குஞ்சு மாதிரி மிதக்கிறது.

“பதினொண்ணு! பதினோராவதும் போச்சு!” என்று மேஜையில் அடிக்கிறார். “பசையா போட்டிருக்கானுங்க? கஞ்சிய ஊத்தி ஒட்டியிருக்கானுங்க, களவாணிப் பசங்க!”

எதிரே உட்கார்ந்திருக்கும் யூ-ஃபாய் சிரிக்கவில்லை. தன் குச்சிகளால் அந்த முடிக்கொத்தைப் பக்குவமாக எடுத்து, கோழிக்கால் எலும்பு போடும் தட்டில் வைக்கிறான். அவன்தான் மாக் அண்ணனுக்கு வரப்போகும் மாப்பிள்ளை.

மாக் அண்ணனும் நானும் மாங் காக்கிலிருந்து சுன் வான் போகும் சிவப்பு மினிபஸ் ஓட்டுகிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஷாம் ஷூய் போவில் இந்தத் தேநீர் விடுதியின் தூணோர மேஜை எங்களுடையது. அவர் வண்டியில் ஏறியவர்களுக்கு அவரை மறக்காது. கண்ணாடிக்குக் கீழே மற்றவர்கள் சாமி படம் தொங்கவிடும் இடத்தில் அவர் பிரஷ்ஷைத் தொங்கவிட்டிருப்பார், முடி கீழே பார்க்க. சிவப்பு விளக்கு விழுந்தால் போதும், அதை எடுத்துக் கன்னத்தில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்வார். “அண்ணே, பச்சை விழுந்திருச்சு!” என்று பின்சீட்டு கத்தினால்தான் இந்த உலகத்துக்கு வருவார்.

பேட்ஜர் என்று ஒரு பிராணி. வளை தோண்டி வாழும், கொழுத்த உடம்பு, வரிமுகம். அதன் முடியில் கட்டிய பிரஷ்தான் மாக் அண்ணனுக்கு பிரஷ். பன்றி முடியைக் காட்டினால், “அத வச்சு என் வண்டி டயரத் தேய்க்கலாம்” என்பார். அதே வாயால், “இருநூறு டாலருக்கு மேல போனா அது பிரஷ் இல்ல, நகை. நகைய எவன் மூஞ்சில தேய்ப்பான்?” என்றும் சொல்வார். இருநூறுக்குள் அசல் பேட்ஜர் பிரஷ் கிடைப்பது எங்கள் தடத்தில் காலை எட்டு மணிக்குக் காலி சீட் கிடைப்பது போலத்தான். ஆனால் தேடும் மனிதர் எப்படிப்பட்டவர் என்று பார்க்க வேண்டும்.

முதலில் பிரஷ்ஷை உலர்ந்தபடியே மூடிய இமையில் வைப்பார். குத்தினால் தள்ளிவிடுவார். “கத்திரியால நுனிய வெட்டியிருக்கான். பேட்ஜர் முடி தானா கூராகணும், தாயி வயித்துலேர்ந்து வந்த மாதிரி.” அடுத்து முடியைப் பிளந்து பார்ப்பார்: அடி வெளுப்பு, நடுவில் கறுப்புப் பட்டை, நுனி மறுபடி வெளுப்பு. பிறகு எச்சில் தொட்ட வெள்ளைக் கைக்குட்டையால் ஒரு இழுப்பு. கறுப்பு ஒட்டினால் சாயம் போட்ட பன்றி. நனைத்து மோந்தும் பார்ப்பார். மழையில் நனைந்த நாயின் வாடை அடித்தால் முகம் அப்படியே மலர்ந்துவிடும். கைப்பிடியைப் பற்றி மட்டும் கவலையே கிடையாது. “கைப்பிடிக்கா தாடி வளருது?”

இத்தனையும் தேறியபிறகுதான் கொதிக்கும் தேநீர். இந்தக் கடைசிப் பரீட்சையில்தான் பதினொன்றும் செத்தன.

இவ்வளவு பாடும் தனக்காக இல்லை. அவரிடம் ஒன்பது வருடப் பழைய பிரஷ் இருக்கிறது. தேடியது யூ-ஃபாய்க்காக. லிஃப்ட் பழுது பார்க்கிற பையன். மின்சார ரேசர் போட்டால் கழுத்து முழுக்கச் சிவந்து தடித்துவிடும். இரண்டு வாரத்தில் கல்யாணம். மகள் லாய்-கிங் ஒருநாள் பேச்சுவாக்கில், “அப்பா, போட்டோவுல அவர் கழுத்து வெந்த நண்டு மாதிரி விழப்போகுது” என்று சொல்லிவிட்டாள். மாக் அண்ணன் அன்றைக்கே சபதம் போட்டார்: கல்யாணத்தன்று காலையில் மாப்பிள்ளை நல்ல நுரையில், நல்ல பிரஷ்ஷில், மழமழவென்று சவரம் செய்துகொண்டுதான் பெண்ணை அழைக்க வருவான்.

உண்மையைச் சொன்னால், கழுத்து ஒரு சாக்கு. ஒன்றரை வருடமாக அந்தப் பையன் ஞாயிறுதோறும் எங்கள் மேஜைக்கு வருகிறான். “சாப்டியா?” “சாப்டேன் மாமா.” அதற்குமேல் இருவருக்கும் பேச்சு ஓடியதில்லை. மாப்பிள்ளை முறுக்கு என்று சொல்லவும் முடியாது, பிறவிக் கல்லுளிமங்கன். கோப்பையில் தேநீர் ஊற்றினால் நன்றிக்கு இரண்டு விரலால் மேஜையைத் தட்டுவது எங்கள் எல்லோருக்கும் வழக்கம்தானே, அதைக்கூட இவன் தட்டினால் விரல் மேஜையைத் தொட்டதா என்று சந்தேகமாக இருக்கும். “அவனுக்கு என்னப் பிடிக்குதா இல்லையான்னே தெரியலடா. ஒரே மகளக் குடுக்கறேன், அவன் ஒரு வார்த்த குடுக்க மாட்டேங்கறான்” என்று ஒருநாள் வண்டி நிறுத்தத்தில் என்னிடம் சொன்னார். சொன்ன கையோடு, “பிரஷ் மட்டும் கிடைக்கட்டும், பாரு!” என்று தொடையைத் தட்டினார்.

பதினொன்றாவது போன அன்றே ஆப்லியூ தெருவுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். நடைபாதையில் கூன் அக்காவின் கடை. பழைய ரேடியோ, கைக்கடிகாரப் பட்டை, பிரஷ், எல்லாம் ஒரே தார்ப்பாயில். மாக் அண்ணன் கைப்பிடியையும் கொத்தையும் தனித்தனியாக அவர் முன்னால் எறிந்தார்.

“பதினொண்ணு போச்சு! அதுல உங்கிட்ட வாங்கினது மட்டும் நாலு! நாலும் கழண்டுபோச்சு! கடையா நடத்தறே?”

கூன் அக்கா அசரவில்லை. கொத்தை எடுத்து மோந்தார். புருவம் ஏறியது. “இதென்ன, பூ-லெய் டீ வாசன அடிக்குது?”

“ஆமா. கழுவினேன்.”

“எவ்வளவு சூட்டுல?”

“சூடுன்னா சூடுதான். கொதிக்கக் கொதிக்க.”

அக்கா தார்ப்பாயில் விழுந்து சிரித்தார். அடுத்த கடைக்காரனைக் கூப்பிட்டுச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். “யோவ், பிரஷ் என்ன சோத்துக் கிண்ணமா? கொதிதண்ணியில நிறுத்தினா பசை இளகாம என்னய்யா செய்யும்? வெதுவெதுன்னு இருந்தாப் போதும்யா அதுக்கு! பதினோரு நல்ல பிரஷ்ஷக் கொன்னுட்டு எங்கிட்ட சண்டைக்கு வந்துட்டான்!”

நானும் சிரித்தேன், தப்புதான். “அண்ணே, உங்க சொந்த பிரஷ்ஷ என்னிக்காவது டீல முக்கியிருக்கீங்களா?”

“அது என் மூஞ்சி” என்றார், காது சிவக்க. “எதுல தேய்ச்சா என்ன? இது அடுத்த வீட்டுப் புள்ள மூஞ்சி. தெருவுல எத்தன கை பட்ட சாமானோ. கழுவாமக் குடுக்கறதா?”

கூன் அக்கா சிரிப்பை நிறுத்தினார். பின்னாலிருந்த தகர டப்பாவைக் கிளறி ஒன்றை எடுத்து நீட்டினார். பன்றி ஈரல் நிறத்தில் கைப்பிடி. அவ்வளவு அசிங்கமான பொருளை அந்தத் தெருவிலும் நான் பார்த்ததில்லை. மாக் அண்ணன் இமையில் வைத்தார். வைத்தவர் எடுக்கவில்லை. கண்ணைத் திறக்காமலே, “எவ்வளவு?” என்றார்.

“நூத்தறுபது. டீல போட்டேன்னு திரும்பி வந்தே, உன்னையே தூக்கிக் கொதிக்கிற டீல போடுவேன்.”

அடுத்த ஞாயிறு. கல்யாணத்துக்கு ஆறு நாள். மேஜைக்கு வந்ததிலிருந்து மாக் அண்ணன் உட்காரவில்லை. நாற்காலியைச் சுற்றிச் சுற்றி வந்தார். கிண்ணம் கழுவினார், கோப்பை கழுவினார், பிரஷ்ஷை எடுத்தார், கை தானாகக் கெண்டியைத் தூக்கிவிட்டது. “அண்ணே!” என்று நான் போட்ட சத்தத்தில் பலகாரத் தட்டுவண்டி தள்ளிவந்த அம்மாளே நின்றுவிட்டார்.

மாக் அண்ணன் கெண்டியைக் கீழே வைத்தார். கிண்ணத்தில் இருந்த தேநீருக்குள் சுண்டுவிரலை விட்டார். உதறினார். ஊதினார். மறுபடி விட்டார். ஆறின தேநீரைக் கொண்டுவந்தால் பரிமாறுகிறவரின் பரம்பரையையே இழுத்துத் திட்டும் மனிதர், எங்கள் கண்முன்னால் தேநீர் ஆறட்டும் என்று ஐந்து நிமிடம் காத்திருந்தார்! பிறகு பிரஷ்ஷை இறக்கினார். நூறு எண்ணினார். தூக்கினார். கைப்பிடியோடு கொத்தும் வந்தது.

“வந்துருச்சு! வந்துருச்சுடா!” நாலு மேஜை கை தட்டியது. சட்டைப் பையிலிருந்து சவர சோப்புக் குச்சி வெளியே வந்தது. வேறு கிண்ணத்தில் பிரஷ் சுழன்றது, நுரை குமுகுமுவென்று ஏறி விளிம்பைத் தாண்டியது.

“ஏ மாக்! இது திங்கற எடமா, செரைக்கற எடமா?” என்று தட்டுவண்டி அம்மாள் கத்தினார்.

“ரெண்டு நிமிஷம் அக்கா! கத்தியெல்லாம் வீட்டுல. இப்ப வெறும் நுரைதான். மாப்ள, மூஞ்சியக் காட்டு.”

யூ-ஃபாய் மறுப்பான் என்று நினைத்தேன். அத்தனை பேர் பார்க்கிறார்கள். அவன் சட்டைக் காலரை உள்பக்கம் மடித்துவிட்டு முகத்தை நீட்டினான். மாக் அண்ணன் இடது கையால் அவன் தாடையை ஏந்திப் பிடித்துக்கொண்டு பிரஷ்ஷை வைத்தார். கன்னம், மீசை, உதடு, கடைசியில் அந்தத் தடித்த கழுத்து. கழுத்துக்கு வந்ததும் முடி நுனி மட்டும் படும்படி மெல்லச் சுற்றினார்.

“குத்துதா?” என்றார், ரகசியம் போல.

வாயைச் சுற்றிலும் நுரை. திறந்தால் உள்ளே போய்விடும். தாடை மாமனார் கையில் இருந்ததால் தலையாட்டவும் வழியில்லை. யூ-ஃபாயின் வலது கை மேஜைமேல் ஏறியது. இரண்டு விரல்கள் மடங்கி, பக்கத்து மேஜைவரை கேட்கும்படி, டொக் டொக் என்று தட்டின.